குழந்தைகளை நேசித்த மனிதன் (நாவல்)

'தி மேன் ஹூ லவ்டு சில்ட்ரன்', ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிறிஸ்டினா ஸ்டெட் (1902-1983) எழுதிய ஆங்கில நாவல். 1940-ல் வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1965-ல் அமெரிக்கக் கவிஞர் ராண்டல் ஜாரெலின் முன்னுரையுடன் மறுபதிப்பு வந்த பிறகே பரவலாக வாசிக்கப்பட்டது. சிட்னியில் கழிந்த தன் இளமையை ஒட்டிய கதையை ஸ்டெட் அமெரிக்க வாசகர்களுக்காக வாஷிங்டன் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்.

சாம் பாலிட் அரசுப் பணியில் உள்ள இயற்கையியலாளர். மனைவி ஹென்னி செல்வர் வீட்டுப் பெண். சாமின் முதல் மனைவிக்குப் பிறந்த லூயியும் ஹென்னியின் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசுவது அரிது. துண்டுச் சீட்டு, இல்லாவிட்டால் பிள்ளைகள் வழியாகத் தூது.

இதைப் பொருந்தாத மணத்தின் கதை என்று மட்டும் வாசிப்பது போதாது. சண்டையின் வேர் பணத்தில் இருக்கிறது. சாமுக்கு உலக சகோதரத்துவம் பற்றிப் பேச நேரம் இருக்கிறது, கடைப் பாக்கியைப் பற்றிப் பேச இல்லை. அவர் கை கறைபடாமல் இருப்பதற்காக ஹென்னி ரகசியமாக வட்டிக்கு வாங்குகிறாள், பொய் சொல்கிறாள், கடைசியில் மகன் எர்னி சேர்த்துவைத்த காசையும் எடுத்துவிடுகிறாள். ஹென்னியின் தந்தை இறந்ததும் அவருக்குச் சொந்தமான வீடு கைவிட்டுப் போகிறது; குடும்பம் அன்னபோலிஸில் ஒரு பாழடைந்த வீட்டுக்குக் குடிபெயர்கிறது. சாமின் வேலையும் போகிறது. எண்ணெய் எடுப்பதற்காக அவர் பெரிய மீன் ஒன்றை இரவு முழுவதும் கொதிக்கவைக்கும் அத்தியாயம் நாவலின் உச்சங்களில் ஒன்று. வறுமையை அங்கே வாசகர் நாற்றமாகவே உணர்கிறார்.

சாமின் கொடுமை அடியில் இல்லை, கொஞ்சலில் இருக்கிறது. பிள்ளைகளிடம் அவர் பேசும் செல்ல மழலை அவர்களைத் தனியே யோசிக்க விடுவதில்லை. (தமிழில் பெயர்ப்பவருக்கு இந்த மழலை பெரும் சோதனை.) அதற்கு எதிராகத்தான் லூயி தானே ஒரு மொழியைப் புனைந்து, தந்தையின் பிறந்தநாளுக்கு அதில் ஒரு துன்பியல் நாடகம் எழுதுகிறாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சாமின் மலாயாப் பயணப் பகுதி நீளம், சுருக்கியிருக்கலாம்.

இருவரையும் கொன்றுவிட எண்ணி லூயி தேநீரில் விஷம் கலக்கிறாள். ஹென்னி அதை அறிந்தே குடிக்கிறாள். அவள் இறந்தபின் சாமின் நிலைமை மெல்லச் சீராகிறது, வானொலியில் வாய்ப்பும் வருகிறது. நடந்ததை லூயி சொன்னபோது அவர் நம்பவில்லை. அவள் வீட்டைவிட்டு நடந்து போய்விடுகிறாள்.