கணிப்பொறியும் கைக்கணக்கும்

பொறியியல் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வெற்றியின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. உயர்ந்த கோபுரம், நீண்ட பாலம், அகன்ற அணை என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். விழுந்தவற்றையும் உடைந்தவற்றையும் முன்வைத்துப் பொறியியலின் இயல்பை விளக்கப் புகுந்தவர் ஹென்றி பெட்ரோஸ்கி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்து 2023இல் மறைந்த இவர், 1985இல் வெளியிட்ட ‘டு எஞ்சினியர் இஸ் ஹியூமன்’ என்னும் நூல், பொறியாளர் அல்லாதாரும் படித்துணரத் தக்கது. ஸ்லைடு ரூலிலிருந்து கணிப்பொறிக்குப் பொறியியல் மாறிய கதையைச் சொல்லும் இயல் ஒன்று அதில் உண்டு. பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து அவ்வியலில் இருக்கிறது. மறுத்துப் பார்க்க வேண்டிய கருத்தும் இருக்கிறது.

ஸ்லைடு ரூல் என்பது ஒன்றன்மேல் ஒன்று நகரும் அளவுச் சட்டங்களால் பெருக்கவும் வகுக்கவும் உதவிய கருவி. ஏறத்தாழ மூன்று இலக்கங்களுக்கு மேல் அதிலிருந்து விடை பெற இயலாது. தசமப் புள்ளி எங்கே விழும் என்பதையும் அது சொல்லாது. விடை 2.35ஆ, 23.5ஆ, 235ஆ என்பதைப் பொறியாளரே அறிந்திருக்க வேண்டும். ஆகவே, சட்டத்தை நகர்த்துமுன் விடை எந்த அளவில் வரும் என்று மனத்தில் மதிப்பிட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாகவே அமைந்தது. 1972இல் எச்.பி.-35 என்னும் சட்டைப்பைக் கணக்கி வந்தபின், சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் மறைந்தது. திரையில் பத்து இலக்கங்கள் ஒளிர்ந்தன. பாலத்தின்மீது செல்லும் பாரத்தையே நாம் அத்தனை நுட்பமாக அறியோம். பத்து இலக்க விடை மட்டும் எவ்வாறு உண்மையாகும்? நூலாசிரியரின் கவலை நியாயமானதே.

இதற்குச் சான்றாக நிற்பது ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கின் கூரை. இரண்டு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடைய அந்த உருக்குக் கூரை, கணிப்பொறியின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. 1978 ஜனவரி 18 விடியற்காலையில், பனியின் பாரம் தாங்காது அது இடிந்து விழுந்தது. சில மணி நேரத்திற்கு முன்புதான் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுச் சென்றிருந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. அமுக்கத்தைத் தாங்கும் சட்டங்களுக்குப் பக்கவாட்டில் முட்டு இருப்பதாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. கட்டப்பட்ட கூரையிலோ அந்த முட்டு போதிய அளவில் இல்லை. சட்டங்கள் நெளிந்தன, கூரை சரிந்தது.

இங்கேதான் நாம் நூலாசிரியரிடமிருந்து சற்று விலக வேண்டியிருக்கிறது. கணிப்பொறி வரமும் ஆகலாம், சாபமும் ஆகலாம் என்றே அவர் எழுதுகிறார்; அதை வெறுப்பவர் அல்லர். ஆயினும் அவ்வியலில் ஓங்கி ஒலிப்பது இழப்பின் குரலே. ஹார்ட்ஃபோர்டு வழங்கும் பாடம் வேறு. கட்டுமானத்தின்போதே கூரை, கணக்கில் கண்டதைப் போல் இரு மடங்கு தாழ்ந்தது. விளிம்புப் பலகைகளைப் பொருத்த வந்தவர்கள், தாங்கிகள் பொருந்தவில்லை என்று முறையிட்டனர். கூரையின் வளைவு கண்ணுக்கே தெரிந்தது. வடிவமைத்தோரோ, இத்தகைய வேறுபாடு எதிர்பார்க்கக் கூடியதே என்று விடை தந்தனர். கணிப்பொறி எதையும் மறைக்கவில்லை. கண் கண்டதைக் காகிதத்தில் அச்சான எண்ணுக்கு அடிமையாக்கியவர்கள் மனிதர்களே. இக்குற்றத்தை ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டும் செய்ய முடியும்.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்த ஒரு விபத்து, இருபக்க உண்மையையும் ஒருங்கே காட்டுகிறது. 1991 ஆகஸ்டு 23 அன்று, நார்வேயின் ஸ்டாவஞ்சர் அருகே, ஸ்லெய்ப்னர் என்னும் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது சுவர் பிளந்து மூழ்கியது. அமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட்ட கணிப்பொறி, சுவரைக் குறுக்கே வெட்டும் விசையை ஏறத்தாழ 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது. முக்கியமான இடத்தில் கூறுகள் செம்மையாகப் பிரிக்கப்படாததே காரணம். பழைய முறையில் போட்ட எளிய கைக்கணக்கே அந்தக் குறையைக் காட்டியிருக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புதிய அடித்தளத்தைக் கணிப்பொறிக்குக் காத்திராமல், ஸ்லைடு ரூல் காலத்து முறைகளாலேயே வடிவமைத்தனர். 1993இல் அதன்மேல் மேடை பொருத்தப்பட்டது. மூழ்கியதும் எழுந்ததும் பொறியாளர் கையில்தான்.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. டாக்காவில் 1929இல் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவில் எழுப்பிய நூறு மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தைக் கணிப்பொறியின் துணையோடுதான் கணக்கிட்டார். 1969இல் முடிந்த அக்கட்டடத்தின் முகப்பில் குறுக்குச் சட்டங்கள் இன்றும் வெளிப்படையாகத் தெரிகின்றன. புறச்சுவர் முழுவதையும் ஒரே குழாய்போல் ஆக்கிக் காற்றை எதிர்க்கலாம் என்ற எண்ணம் அவருடைய சிந்தையில் உதித்தது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் பணியையே இயந்திரம் செய்தது. இந்த வரிசை தலைகீழாகும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

ஆகவே, கல்லூரிகள் ஸ்லைடு ரூலை மீட்டெடுக்க வேண்டியதில்லை. அது வளர்த்த பழக்கத்தை மீட்டெடுத்தால் போதும். கணிப்பொறியைத் தொடுமுன் உத்தரம் எவ்வளவு தாழும் என்று மாணவர் ஏறத்தாழ எழுதித் தரட்டும். அந்த மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் இருக்கட்டும். தேர்வில், தவறான விடையொன்றை அச்சிட்டுக் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்கட்டும். களத்தில் பணிபுரியும் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சொல்வதைச் செவிமடுக்கவும் கற்பிக்கட்டும். இன்று வரைபடம் முதல் கணக்குவரை மடிக்கணினி ஒன்றே நொடியில் முடித்துத் தருகிறது. ஆதலின் இப்பயிற்சியின் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

பெட்ரோஸ்கியின் நூலைப் பொறியியல் மாணவர்கள் மட்டுமன்றி அவர்தம் பெற்றோரும் படிக்கலாம். விடுமுறையில் வீடு திரும்பும் மகனோ மகளோ தாம் வரைந்த கட்டட வடிவைத் திரையில் காட்டும்போது, ‘இந்த விடை சரியென்று உனக்கு எவ்வாறு தெரியும்?’ என்று கேட்கும் துணிவை அது தரும். ‘கணிப்பொறி சொன்னது’ என்பதே மறுமொழியானால், பட்டம் பெறுமுன் அவர்கள் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.