காது பாடுகிறது – யாருடைய காது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஒலிக்கலைஞர் ஜேக்கப் கீர்க்ககோர், கோப்பன்ஹேகன் மருத்துவ அரும்பொருளகத்துக்காக 2007இல் உருவாக்கிய படைப்பு 'லபிரிந்தைற்றிஸ்'. உட்காதில் ஏற்படும் அழற்சி நோயொன்றின் பெயர் அது.

காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, தானும் எழுப்புகிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் இதை அளந்து காட்டினார். 1000, 1200 ஹேர்ட்ஸ் அளவான இரு தொனிகளைச் சேர்த்துக் காதுக்குள் விட்டால், வெளியே எங்குமில்லாத 800 ஹேர்ட்ஸ் தொனியொன்றை உட்காதின் நத்தைச்சுருள் தானே உண்டாக்கும். கீர்க்ககோர் தன் காதுக்குள் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து இத்தகைய தொனிகளைப் பதிவுசெய்தார். அவை சோடியாக அரங்கில் ஒலிக்க, கேட்போரின் காதுகள் மூன்றாவதொன்றைப் பிறப்பிக்கின்றன. அது அடுத்த சோடியின் அங்கமாகிறது. இப்படியே சுருள் சுருளாக இசை கீழிறங்குகிறது.

தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரமும் இதுதானே என்று நம்மவர் சிலர் சொல்லக்கூடும். அல்ல. அந்தக் காந்தாரம் தந்தியிலேயே உள்ள மேற்சுரம். இங்கு பழம்பெருமைக்கு வேலையில்லை.

கேட்பவரும் வாத்தியக்காரரே என்று உணர்த்தியமை இப்படைப்பின் பெரும் சாதனை. ஆனால் அந்த வாத்தியம் எல்லோரிடமும் பழுதின்றி இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் தொனி வெளி மயிர்க்கலங்களின் வேலை. ஒரு காதில் ஏறத்தாழ 12,000 உண்டு. பேரிரைச்சலில் முதலில் சாவன அவைதாம். செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் விரிவுரையாளனாக இருந்த நான், மொன்றியலில் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். (கியூபெக்கில் எட்டு மணி நேர வேலைக்கான இரைச்சல் வரம்பு 90 டெசிபெலிலிருந்து 85க்கு இறங்கியது 2023 ஜூனில்தான்.) இப்படைப்பை மகளும் நானும் ஆளுக்கொரு ஹெட்போனில் கேட்டோம். "கீழ ஒரு சத்தம் இரையுது அப்பா" என்றாள். எனக்கு அந்த இரண்டு தொனிகளும், எந்நேரமும் என்னோடிருக்கும் கீச்சொலியும்தான்.

இதே நகரத்தின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்த அல்பேர்ட் பிரெக்மன், ஒன்றாய்க் கலந்து வரும் ஒலிகளிலிருந்து இது இன்னாரின் குரல் என்று நாம் எவ்வாறு பிரித்தெடுக்கிறோம் என்பதை 1990இல் வெளிவந்த பெருநூலில் ஆராய்ந்தார். நாலு பேர் சேர்ந்து கதைத்தால் எனக்கு இப்போது அது பிரிபடுவதில்லை. இலக்கியச் சந்திப்புகளில் நான் வாய்திறவாததைத் தலைக்கனம் என்று எண்ணிய நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

கீர்க்ககோர் நோயின் பெயரை எடுத்துக்கொண்டார்; நோயை விட்டுவிட்டார். பிறந்த குழந்தைக்குச் செவிப்புலன் உண்டா என்று மருத்துவமனைகளில் சோதிப்பதும் காது எழுப்பும் இத்தகைய ஒலியைத் தேடித்தான். அதாவது, ஒலி வராமற்போவதும் ஒரு செய்தி. மருத்துவ அரும்பொருளகத்துக்கென்றே செய்யப்பட்ட படைப்பில், எவருடைய காதில் எந்தத் தொனி பிறக்கவில்லை என்பதையும் அரங்கில் இருப்போர் அறியச் செய்திருக்கலாம். அதற்கான கருவி அவர் கையிலேயே இருந்தது.