'பரோக்': காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா?

ஐரோப்பியக் கலை வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவார் முதற்கண் எதிர்கொள்வது கலைச்சொல் இடர்ப்பாடு ஆகும். பதினேழாம் நூற்றாண்டுக் கலையைக் குறிக்கும் 'பரோக்' என்னும் சொல்லை ஈண்டு ஆராய்வோம்.

இச்சொல், வடிவம் கோணிய முத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லினின்று தோன்றியது என்பர் பலர். பதினெட்டாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் இதனை இகழ்ச்சிப் பொருளிலேயே ஆண்டனர். 1855இல் புர்க்ஹார்ட், பரோக் கட்டடக்கலையை மறுமலர்ச்சிக் கலைமொழியின் சிதைந்த கிளைமொழியாகவே கண்டார். 1915இல் வோல்ஃப்லின் வெளியிட்ட நூல் இவ்விழிவைப் பெரிதும் துடைத்தது. கோட்டால் வரையறுத்தல், ஒளிநிழற் பரப்பால் உணர்த்தல். மூடிய வடிவம், திறந்த வடிவம் என்றாற்போல ஐந்து இணைகளை வகுத்து, அவ்விரு காலக் கலைகளும் வெவ்வேறு காட்சிமுறைகளே. ஒன்று மற்றொன்றன் சிதைவன்று என அவர் நிறுவினார்.

எனவே இதனைக் 'கோணற்கலை' என்றோ 'மிகையணிக்கலை' என்றோ பெயர்ப்பின், மறைந்த இகழ்ச்சி தமிழில் மீண்டும் உயிர்பெறும். மாணவர் கலையைக் காணுமுன்பே தீர்ப்பைக் கற்பர்.

'எதிர்ச்சீர்திருத்தக் கலை' என வழங்கலாம் எனின், அதுவும் பொருந்தாது. 1524இல் சூரிச்சிலும் 1566இல் நெதர்லாந்திலும் சீர்திருத்த இயக்கத்தார் திருவுருவங்களை அகற்றினர். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் அவற்றின் பயனை வலியுறுத்தியது. உரோமையில் பெர்னீனி 1652இல் முடித்த தெரேசாள் சிற்பத்திற்கு இப்பெயர் இசையும். ஆனால், சீர்திருத்தச் சமயம் ஓங்கிய ஆம்ஸ்டர்டாமில், நகர்காவற் படையினர்க்காக ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இராக்காவல்' ஓவியத்திலும் அதே ஒளிநிழலும் இயக்கமும் உள்ளனவன்றோ? ஆதலின் இப்பெயர் குன்றக்கூறல் என்னும் குற்றத்திற்கு இடமாம்.

அயற்சொல்லை அவ்வாறே ஆளின், அது தமிழ் மாணவர்க்கு எதனை உணர்த்தும் என வினவலாம். அது தானாக எதனையும் உணர்த்தாது. ஆயின் பொய்யையும் உணர்த்தாது. எஞ்சியதை விளக்கவுரை செய்யும்.

இதனால் நாம் கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. 'கியாரோஸ்கூரோ' என்பதன் உறுப்புகள் ஒளியையும் இருளையும் குறிப்பன; அச்சொல்லின் காரணம் இன்றும் வாழ்கின்றது. அதனை 'ஒளிநிழல்' எனப் பெயர்த்தல் தகும். 'பரோக்' என்பதோ பிறப்பால் காரணப்பெயர், வழக்கால் இடுகுறி. காரணம் இறந்துபட்ட பெயரை ஒலிபெயர்த்தே ஆளுதல் வேண்டும் என்பது நம் துணிபு.