அக்குரோணித் தொகையும் பதினெட்டு என்னும் எண்ணும்

வியாச பாரதத்தின் ஆதிபருவம், முனிவர் வினாவிற்குச் சூதர் கூறும் விடையாக, ஓர் அக்குரோணியின் அளவை வரையறுக்கின்றது. தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350, ஆகத் தொகை 2,18,700. இவ்வெண்களுள் எதன் இலக்கங்களைக் கூட்டினும் 18 வருகின்றது. பாரதப் பருவங்கள் 18. போர் நிகழ்ந்த நாட்கள் 18. பொருத அக்குரோணிகளும் 18. ஆதலின் இத்தொகை மறைபொருள் கருதி வகுக்கப்பட்டது என்பார் உளர். அக்கொள்கை ஏற்புடைத்தா என ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தொகை அமைந்த முறையை நோக்குதல் வேண்டும். தேர் ஒன்று, யானை ஒன்று, குதிரை மூன்று, காலாள் ஐந்து ஆகிய பத்து உறுப்புகள் கொண்டது பத்தி. அது மும்மும்மடங்காகப் பெருகிச் சேனாமுகம், குல்மம், கணம், வாகினி, பிருதனை, சமு, அநீகினி என ஏழு படிகள் ஏறுகின்றது. அநீகினி பத்துக் கொண்டது அக்குரோணி. எனவே 2,18,700 என்பது, மூன்றினை ஏழுமுறை அடுக்கிப் பெருக்கிய 2,187 என்பதன் நூறு மடங்கேயாம்.

ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் ஒன்பதால் வகுபடும் என்பது கணித விதி. ஆகவே இங்கு 9, 18, 27 போன்றனவே வரற்பாலன, பிற வாரா. குல்மம் முதல் பிருதனை ஈறாகத் தேர்த்தொகை 9, 27, 81, 243 என நிற்ப, அவற்றின் கூட்டு 9 ஆகவே உளது. சமுவின் 729-இல்தான் 18 முதன்முதல் தோன்றுகின்றது. இனி, பாண்டவர் படை ஏழும் கௌரவர் படை பதினொன்றும் சேர்ந்த பதினெட்டு அக்குரோணியின் முழுத்தொகை 39,36,600. அதன் கூட்டு 27. பதினெட்டின் மறைபொருள் சிறந்து விளங்க வேண்டிய இடத்திலேயே அது பிழைத்துப் போதல் காண்க. அன்றியும், இலக்கக் கூட்டு என்பது எழுதும் முறையைச் சார்ந்தது. காப்பியமோ எண்களைச் சொற்களாற் கூறுகின்றது.

இத்தொகையைக் கொண்டு அக்கால மக்கட்டொகையை அளக்க முற்படுதலும் பொருந்தாது. விதியாற் பெருக்கிப் பெறப்பட்ட எண், களத்தில் எண்ணிக் கண்ட எண்ணுக்குச் சான்றாகாது.

அவ்வாறாயின் இவ்வெண்ணின் இயல்பால் பயன் யாதும் இல்லையோ எனின், உண்டு. குதிரை தேரின் மும்மடங்காகவும் காலாள் ஐம்மடங்காகவும் இருத்தல் வேண்டும் என்னும் யாப்புறவு, பாடபேதங்களை ஆராய்வார்க்கு உறுதியான கருவியாகும். ஏட்டில் குதிரைத்தொகை 65,600 என வரின், பிற ஏடுகளை நோக்குமுன்னரே அது பிழை எனத் துணியலாம்.

எண்ணின் அமைப்பு, நூலாசிரியர் வகுத்த விதியைக் காட்டுகின்றது. அவர் கருதாத மறையை அதன்மேல் ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சியாகாது என்பதே நம் துணிபு.