சரண்டர் வேல்யூ

சில வருடங்களுக்கு முன்பு பொள்ளாச்சியில் ஒரு மாடி அறையில் மாலைநேர ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே உரக்கடை. சந்தை நாளென்றால் மாடு ஏற்றிய லாரிகளின் ஹார்ன் சத்தத்தில் பாதிப் பாடம் போய்விடும். வகுப்பின் பெயர் பிரீ-இன்டர்மீடியட். இடைநிலைக்கு முந்தியது என்று அர்த்தம். இன்னும் எதுவாக ஆகவில்லையோ அதை வைத்தே பெயரிடப்பட்ட நிலை. எங்கள் ஊர்க்காரர்கள் இதைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்: “புரியுதுங் சார், பேசத்தான் வரமாட்டேங்குது.”

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாடப்புத்தகத்தோடு வந்த கற்றல் இலக்குகள். பன்னிரண்டு வரிகள். பயிற்சி முடிந்ததும் என்னால் என் குடும்பத்தைப் பற்றிப் பேச முடியும், ஓட்டலில் சாப்பாடு சொல்ல முடியும், வழி கேட்க முடியும், அறை பதிவு செய்ய முடியும், போன விடுமுறையை விவரிக்க முடியும், இரண்டு ஊர்களை ஒப்பிட முடியும்... இப்படிப் போகும். இலக்கிய இதழில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அதுவும் ஒரு பிரதிதான். தன்மையில் எழுதப்பட்டது, ஒரு கதாபாத்திரமும் உண்டு. அந்த ‘நான்’ எப்போதும் லீவில் இருக்கிறார். விமானத்தில் போகிறார், வழி தவறுகிறார், சட்டை அளவு கேட்கிறார். அவருக்கு முதலாளி கிடையாது. அவர் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை, யாரும் அவரைத் திட்டுவதில்லை.

இந்த ‘நான்’ எங்கிருந்து வந்தார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஐரோப்பியக் கவுன்சில் 1970களில் மொழி கற்கும் பெரியவர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தது. 1975இல் வான் எக் எழுதிய ‘திரெஷோல்டு லெவல்’ என்ற நூல் அதில் முக்கியமானது. அவர் மனதில் இருந்தவர், பக்கத்து நாட்டுக்குச் சில நாள் போய்வரும் மனிதர். அதன் நீட்சியாக 2001இல் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட பொதுச் சட்டகம் வந்தது. நாம் பிரீ-இன்டர்மீடியட் என்பது ஏறக்குறைய அதன் ஏ2. எல்லைகள் திறந்துகொண்டிருந்த ஐரோப்பாவுக்கு அது நியாயமான கனவு. இன்று உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக நம் கல்லூரிகளுக்கு வந்த கேம்பிரிட்ஜ் லிங்குவாஸ்கில் தேர்வும் அந்தப் படிகளில்தான் மதிப்பெண் சொல்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தார். கோட்டூர் ரோட்டுப் பக்கம் ஒரு தேங்காய் நார்க் கம்பெனியில் ஆபீஸ் வேலை. பித்தை ஐந்து கிலோ பிளாக்காக அழுத்திக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். செடி வளர்ப்பவர்களுக்கு அதில் உப்பு குறைவாக இருக்க வேண்டும், அதை ஈ.சி. என்று அளப்பார்கள். கொரியாவில் இருந்த ஒரு வாடிக்கையாளர், ஈ.சி. சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று மெயில் போட்டிருந்தார். இவர் பதில் எழுதினார்: போட்டோ அனுப்பு, நாங்கள் பார்க்கிறோம், மீதிப் பணத்தை அனுப்பு. ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு அங்கிருந்து பேச்சே இல்லை.

“கோவிச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குதுங் சார். ஏனுங், இதுல என்னங் தப்பு?”

எனக்கே பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் மனதில் எழுதியது ‘பணம் அனுப்புங்க’. கொங்குத் தமிழில் மரியாதை முழுவதும் வினையின் வாலில் இருக்கிறது. அந்த ‘ங்க’வை எங்கு வேண்டுமானாலும் ஒட்டுவோம், பெயர்ச்சொல்லில்கூட. ஆங்கிலத்தில் வாலே இல்லை. அங்கே மரியாதையைத் தலையில் வைக்க வேண்டும்: ‘குட் யூ’ என்று கேள்வியாகத் தொடங்க வேண்டும். வாலை வெட்டித் தலையும் வைக்காமல் அனுப்பினால் அது வெறும் ஏவல். சுவரிலிருந்த தாளில் ‘பணிவாகக் கேட்க முடியும்’ என்று ஒரு வரி இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கான பயிற்சி, சர்வரிடம் தண்ணீர் கேட்பது. சர்வரிடம் முரட்டுத்தனமாகக் கேட்டாலும் தண்ணீர் வந்துவிடும்.

இன்னொன்று. அந்தக் கொரியாக்காரருடைய ஆங்கிலமும் ஏ2தான். இரண்டு பிரீ-இன்டர்மீடியட்கள் நடுவில் ஒரு கண்டெய்னர் சரக்கு. தாள் எழுதியவருக்கு இந்தக் காட்சி தோன்றியிருக்காது.

ஐரோப்பியச் சட்டகத்தின் மூலத்தைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அதன்மேல் மரியாதை கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏ1 வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: எதிரில் இருப்பவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லத் தயாராக இருந்தால் மட்டுமே என்னால் பேச முடியும் என்று. ஏ2வில் ஓர் ஒப்புதல்: சின்னச் சின்ன உரையாடல் முடியும், ஆனால் அதை நானாக நீட்டிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரும்பாலும் புரியாது. எவ்வளவு நேர்மை! மொழித்திறன் என்பது ஒருவர் வாய்க்குள் மட்டும் இருப்பதல்ல, எதிரில் உள்ளவரின் பொறுமையிலும் இருக்கிறது என்று அந்த வாக்கியங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர்ச் சுவருக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பாதி உதிர்ந்துவிட்டது. ‘முடியும்’ மட்டும் மிச்சம். நேர்முகத் தேர்வில் ஒரு பையன் திணறும்போது காத்திருக்க வேண்டியது யார் என்பதை நாம் எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. முடியாவிட்டால் குற்றம் முழுக்க அவனுடையது.

இந்தக் கேள்வியை நம் துணைக்கண்டத்திலேயே ஒருவர் வேறு கோணத்தில் கேட்டிருக்கிறார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், 1926இல் வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் பற்றி எழுதிய நூலில். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுவிடுவார்கள். அப்படி விடும்போது அவர்கள் கையில் என்ன இருக்கும்? இதற்கு அவர் எடுத்த சொல் இன்சூரன்ஸிலிருந்து: சரண்டர் வேல்யூ. எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் கையில் வருவது. அவருடைய பதில், பேசுவதைவிட வாசிக்கத் தெரிந்தால் அந்தத் தொகை பெரிது என்பது. முழுக்க எனக்கு ஒப்புதல் இல்லை. ஆங்கிலேய அதிகாரி பேச்சை வைத்துக்கொண்டு வாசிப்பைக் கொடுக்கிறார் என்று சந்தேகிக்கவும் இடமுண்டு. ஆனால் கேள்வி சரியானது. பயிற்சி முடிவில் என்ன முடியும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மாலை வகுப்பில் யார் முடிவுவரை இருக்கிறார்கள்? அறுவடை, கல்யாணம், ஷிப்ட் மாற்றம் என்று ஏதோ ஒன்று வரும். ‘30 நாட்களில்’ புத்தகங்கள் எத்தனை வீட்டில் ஐந்தாம் நாள் பக்கத்திலேயே மடங்கிக் கிடக்கின்றன!

சட்டகத்தின் 2020ஆம் ஆண்டுத் துணைத் தொகுதியில் ஒரு மொழியில் கிடைத்ததை இன்னொரு மொழியில் சொல்வதற்கும் விரிவான படிகள் வந்துவிட்டன. எங்களுக்கு வேண்டியது அதுதான். பாங்க் கடிதத்தை வாசித்து அப்பாவிடம் தமிழில் சொல்வது, மருந்துச் சீட்டைப் பாட்டிக்குச் சொல்வது, முதலாளி கோபத்தில் சொன்னதை அடக்கமான ஆங்கிலத்தில் ஏற்றுவது. பொள்ளாச்சியில் ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் பாதி நேரம் மொழிபெயர்ப்பாளர். நான் பார்த்த வகுப்பறைகளிலோ தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். நானும் வசூலித்திருக்கிறேன்.

அந்தப் பெண் ஏழாவது வாரத்தோடு நின்றுவிட்டார். மாலையில் கண்டெய்னர் லோடிங் என்று சொன்னார். கடைசி நாள் தன் நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். தனக்கு எது எது வேண்டும் என்று அவரே தமிழில் எட்டு வரி எழுதி வைத்திருந்தார். சரக்கு ஏன் லேட் என்று சொல்ல. பாக்கியைக் கேட்க. ரேட்டை ஏற்றியதைச் சொல்ல. ஈ.சி. ரிப்போர்ட் அனுப்பும்போது என்ன எழுத. சுவரில் இருந்த பன்னிரண்டில் ஒன்றும் அதில் இல்லை. ஏழு வரிகளுக்குப் பக்கத்தில் பச்சை இங்கில் டிக் போட்டிருந்தார். எட்டாவது: போனில் சத்தம் போட்டால் என்ன சொல்ல. அதற்கு டிக் இல்லை.

“அது மட்டும் நாம பாக்கவே இல்லீங் சார்” என்றார்.