சிறகும் கோழிக்கூண்டும்

மாய யதார்த்தம் என்னும் தொடரை 1925இல் செருமானியத் திறனாய்வாளர் பிரான்ஸ் ரோ ஓவியத்தைக் குறித்தே ஆண்டார். பின்னரே அஃது இலத்தீன் அமெரிக்கப் புனைகதைக்கு உரியதாயிற்று. அதன் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டல் எளிது. மாணாக்கர் அதனை உணர்தல் அரிது. நடித்துப் பார்த்தால் உணர்வர். ஆயினும் எவ்வாறு நடிப்பது என்பதிலேயே இடர்ப்பாடு உள்ளது.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968இல் எழுதிய, பெருஞ்சிறகு கொண்ட கிழவரின் கதை வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. மூன்று நாள் மழை. வீட்டினுள் புகுந்த நண்டுகளைக் கடலில் எறிந்துவிட்டுத் திரும்பும் பெலாயோ, முற்றத்துச் சேற்றில் கிழவர் ஒருவர் வீழ்ந்து கிடக்கக் காண்கிறான். சிறகுகளே அவரை எழவொட்டாமல் தடுக்கின்றன. வானவர் என்கிறாள் அண்டை வீட்டுக்காரி. அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கின்றனர். பெலாயோவின் மனைவி எலிசெண்டா, பார்ப்பதற்கு ஐந்து சென்ட் கட்டணம் விதிக்கிறாள். அவருக்கு இலத்தீன் தெரியவில்லையே எனப் பாதிரியார் கொன்சாகா ஐயுறுகிறார். பெற்றோர் சொல் மீறியதால் சிலந்தியாகிப் போன பெண்ணொருத்தி ஊருக்கு வந்ததும் கூட்டம் அவள்பால் ஓடிவிடுகிறது.

இதனை மேடையேற்றப் புகும் மாணாக்கர் முதலில் தேடுவது வெள்ளாடையும் சரிகைச் சிறகுமே. தேவர் தோன்றினால் இசை ஓங்க வேண்டும், ஒளி மாற வேண்டும், காண்போர் கைகூப்ப வேண்டும் என்பது புராண நாடகம் பழக்கிய மரபு. அம்மரபு இழிந்ததன்று, இக்கதைக்கோ அது பகை. மார்க்வெஸின் வானவர் அழுக்கேறியவர். அவர் சிறகில் பேன் ஊர்கிறது. பழைய சாக்குத் துணியே போதும். அதுவும் இன்றித் தோளை மட்டும் சுமையேறியது போலத் தாழ்த்தி நடப்பது இன்னும் நன்று.

உண்மையான நடிப்பு ஏனையோருடையது. எலிசெண்டாவாக வரும் மாணவி சிறகை நோக்காமல் சில்லறையை எண்ண வேண்டும். கிழவரைச் சோதிக்கும் மருத்துவருக்கு அச்சிறகுகள் அவ்வுடலில் இயல்பாகவே தோன்றுகின்றன. பிற மாந்தர்க்கு ஏன் இல்லை என்பதே அவருக்கு விளங்கவில்லை. இதனைக் காய்ச்சலுக்கு மருந்து சொல்லும் குரலிலேயே சொல்ல வேண்டும். வியப்புத் தொனி புகுந்த கணமே கதை வெறும் மாயாசாலக் கதையாகிவிடும். தெருக்கூத்தில் அரசனிடமே தெருக்குரலில் பேசும் கட்டியக்காரனைக் கண்ட மாணாக்கர்க்கு இத்தொனி எளிதில் வாய்க்கும்.

சிறகு எதன் குறியீடு என்று வினவி விடை எழுதச் செய்யும் வழக்கம் இங்குப் பயன்படாது. கிழவருக்கு உயிர் உண்டா எனக் காணக் கூட்டத்தினர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுகின்றனர். ஏட்டில் கண் எளிதில் கடந்துவிடும் இடம் அது. வகுப்பறையில் ஒரு மாணவன் அவ்விரும்பைக் கையில் ஏந்தியாக வேண்டும். ஏனையோர் அவனைச் சூழ நின்றாக வேண்டும். கட்டணம் செலுத்தி வரிசையில் நின்றவர் யாவர் என்பதை விளக்க அப்போது ஆசிரியர் உரை தேவைப்படாது.

இறுதிக் காட்சியில் எலிசெண்டா வெங்காயம் நறுக்குகிறாள். கிழவர் தட்டுத்தடுமாறிப் பறந்து போகிறார். அவள் முகத்தில் தோன்ற வேண்டியது தொல்லை நீங்கிய ஆறுதலே. கத்தி ஓய்ந்த பின்னும் அவள் கடலையே பார்த்து நிற்கிறாள்.