இல்லாத குழுவின் இசைத்தட்டு

ஓவியர் லாட் படைத்த 'டவுன் பாய்' என்னும் சித்திர நூல் 1981-இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன் வந்த 'கம்போங் பாய்' நூலில் சிறுவனாக அறிமுகமான மாட், இதில் ஈப்போ நகரத்து இளைஞனாக வளர்ந்து நிற்கிறான். அங்கே பிராங்கி என்னும் சீன இளைஞன் அவனுக்கு நண்பனாகிறான். பிராங்கியின் பெற்றோர் கோப்பிக் கடை நடத்துகின்றனர். கடைக்கு மேலே, மாடியில், இசைத்தட்டு சுழல்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் குரல் எழுகிறது. நண்பர் இருவரும் அந்தப் பாட்டோடு சேர்ந்து தாமே ஓர் இசைக்குழுவாகி விடுகின்றனர். அக்குழுவுக்கு மேடை இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த அவையோரும் இல்லை. ஆயினும் நூலை மூடிய பின்னர் வாசகர் நெஞ்சில் நிற்பது அந்த மாடியறைக் கச்சேரியே. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் பிராங்கி ஈப்போ இரயில் நிலையத்தில் விடைபெறும்போது இரு நண்பர் பிரிகின்றனர். ஒருநாளும் மேடையேறாத குழுவொன்றும் அங்கே கலைந்து போகிறது. இல்லாத ஒன்று கலைவதற்கு வாசகர் வருந்துகிறார் என்றால், அது எவ்வகையிலோ இருந்திருக்கிறது என்பதே பொருள்.

லாட் என்னும் முகமது நோர் காலிட் பேராக் மாநிலத்துக் கோத்தா பாருவில் 1951-இல் பிறந்தவர். கிளந்தான் தலைநகரும் இப்பெயரே பூண்டிருப்பதால் மாணவர் பலர் மயங்குவதுண்டு. இது கோப்பேங் அருகில் உள்ள சிற்றூர்.

மாட்டும் பிராங்கியும் ஆடியது உலகெங்கும் இளைஞர் ஆடும் ஆட்டத்தின் ஒரு வடிவம். இல்லாத ஓர் இசைக்குழுவுக்குப் பெயர் சூட்டுவது, அது வெளியிட்டதாக ஓர் இசைத்தட்டைக் கற்பிப்பது, பாடல்களின் தலைப்புகளை வரிசைப்படுத்துவது, இறுதியில் அதன் உறையையும் வரைந்து முடிப்பது என அவ்வாட்டம் விரியும். பாட்டு மட்டும் இராது. பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இவ்வாறு பிறந்து மறைந்த குழுக்கள் எத்தனையோ! வீண்பொழுது என்று இதனை ஒதுக்கும் ஆசிரியர் உண்டு. கட்டுரைப் பயிற்சிக்கு ஏற்றது என்று வரவேற்பவரும் உண்டு. இவ்விரு சாராரும் இவ்விளையாட்டின் இலக்கணத்தை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் மரபுக்கு இது முற்றிலும் புதியதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மணலால் கட்டியது இல்லம் ஆகிறது. குழந்தை முழக்கும் சிறிய பறை பெருமுரசின் பெருமை பெறுகிறது. புலவர்கள் இப்பாவனையை எள்ளவில்லை. பாட்டுடைத் தலைவனின் பெருமையை அதன் வழியாகவே பாடினர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்றில் சிதைந்தால் மணல் மணலோடு சேரும். அதன் சுவடு எஞ்சாது. இசைத்தட்டின் உறை அத்தகையதன்று. அது தாளில் நிற்கும். பெயரும் ஆண்டும் பொறித்திருந்தால் நாளடைவில் சான்றாகவும் தோன்றக்கூடும். இந்த வேறுபாட்டின் விளைவு சிறிதன்று.

புனைந்த குழுக்களுள் உலகப் புகழ் பெற்றது 1967-இல் தோன்றியது. மேடைக் கச்சேரிகளை முந்திய ஆண்டே நிறுத்திவிட்ட பீட்டில்ஸ் குழுவினர், 'சார்ஜன்ட் பெப்பர்' என்பவரின் பெயர் தாங்கிய வேறொரு குழுவாகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டனர். பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் ஆகிய ஓவியர் இருவர் அதன் உறையை வடிவமைத்தனர். பழைய இராணுவ வாத்தியக்காரரின் உடையைப் பளிச்சிடும் நிறங்களில் அணிந்து நால்வரும் நிற்கின்றனர். பின்னால் பெருங்கூட்டமாகப் புகழ் பெற்றோரின் உருவங்கள். முன்னால் ஒரு பெரும்பறை. அப்பறையின் முகத்தில்தான் இல்லாத குழுவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. காந்தியடிகளின் உருவமும் அக்கூட்டத்தில் முதலில் இடம்பெற்றிருந்தது. இந்தியாவில் மனத்தாங்கல் எழலாம் என்று இசைத்தட்டு நிறுவனம் அஞ்சியதால் அது நீக்கப்பட்டது. இவ்விசைத்தட்டில் புனைந்த குழு உண்மையில் தலைகாட்டுவது தொடக்கத்திலும் முடிவை ஒட்டியும்தான். இடையில் உள்ள பாடல்கள் பலவற்றுக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அவ்வாறாயினும் முழுவதும் ஒரே குழுவின் கச்சேரி என்று கேட்போர் எண்ணுவதற்குக் காரணம் உறையே. பாட்டு செய்யத் தவறியதை அட்டை செய்து முடித்தது எனலாம். 1984-இல் 'ஸ்பைனல் டாப்' என்னும் கேலிப்படத்தில் தோன்றிய புனைந்த குழு பின்னர் மெய்யாகவே மேடையேறியதும் இசைத்தட்டு வெளியிட்டதும் இதன் தொடர்ச்சியே.

தமிழில் இதற்கு நிகராக, ஒரு வகையில் இதனினும் மேலாகக் கூறத்தக்கது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்னும் புனைபெயரில் 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர் அது. நாதசுர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமும் அவர் குழுவினரும் ஆசிரியரின் படைப்புகள். ஆனால் சிக்கல் என்னும் ஊர் மெய். நாகப்பட்டினத்தை அடுத்துள்ள அவ்வூரின் சிங்காரவேலர் திருக்கோயிலும் மெய். (அந்த நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோரின் வழித்தோன்றல்கள் மலேசியத் தமிழருள் பலர்.) குழுவுக்கு முகம் தந்தவர் ஓவியர் கோபுலு. எழுத்து மட்டும் இருந்திருந்தால் வாசகர் தத்தம் மனத்தில் வெவ்வேறு சண்முகசுந்தரத்தைக் கண்டிருப்பர். கோபுலுவின் கோடுகள் அனைவருக்கும் ஒருவரையே காட்டின. உறை செய்யும் வேலை இதுவே அன்றோ?

1968-இல் ஏ.பி. நாகராசன் இதனைத் திரைப்படமாக்கினார். திரையில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். இராசனும் நாதசுரம் ஏந்தினர். திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். எழுத்தில் பிறந்து, ஓவியத்தில் முகம் பெற்று, பத்தாண்டு கழித்து ஒலியும் பெற்ற குழு இது. புனைவு வெற்றி பெற்றதற்குக் காரணம் கற்பனையின் உயரம் அன்று, தொழிலறிவின் திட்பம். நாதசுரக்காரரின் செருக்கு, தவில்காரரின் உரிமைப் பேச்சு, கச்சேரி பேசி முடிக்கும் முறை, கோயில் முறைமை ஆகியவற்றைத் தஞ்சை வட்டாரத்தில் வாழ்ந்தவர் குறை காண இயலாதவாறு சுப்பு எழுதினார். அதனாலேயே இல்லாத வித்துவான் இருக்கும் வித்துவான்களுக்கு நடுவே இடம் பிடித்தார்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், மாணவர் புனையும் குழுக்களில் பெரும்பாலானவை ஏன் உயிர் பெறுவதில்லை என்பது விளங்கும். பெயர் பேரொலியோடு இருக்கும்: இடி, புயல், எரிமலை. உறையில் கோபுரம், தென்னை, பால்மரம், உதயசூரியன் அனைத்தும் நெருக்கியடித்து நிற்கும். எல்லாவற்றையும் காட்டும் உறையில் எந்தப் பாட்டும் கேட்பதில்லை.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தே ஒரு குழுவைப் புனைந்து பார்க்கலாம். அதன் பெயர் 'ஆறாவது லயம்' என்று கொள்வோம். தோட்டத்தில் லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை. இசையில் லயம் என்பது காலக்கணக்கு. அகராதியைப் புரட்டித் தேடியெடுத்த சிலேடை அன்று. தோட்டத்து வழக்கும் இசை வழக்கும் தாமாகவே ஒரு சொல்லில் சந்தித்தன. 'ஆறாவது' என்ற எண் முன்னால் ஐந்து வரிசைகளையும் அவற்றில் வாழும் குடும்பங்களையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. பாடல்களுக்குத் தலைப்பு: 'பெரட்டு மணி', 'ஒட்டுப்பால்', 'மழைநாளில் வெட்டில்லை'. மூன்றாவது தலைப்பில் ஒரு குடும்பத்தின் வருவாய்க் கணக்கே அடங்கியிருக்கிறது. பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டில்லா நாளில் கூலி குறையும்.

உறையில் என்ன வரையலாம்? ஒரே ஒரு மரத்தின் பட்டையும் அதில் சரிந்து செல்லும் வெட்டும் போதும். இங்கேதான் புனைவோனின் அறிவு சோதனைக்கு உள்ளாகிறது. பால்வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும்; பால் நாளங்கள் பட்டைக்குள் செல்லும் சாய்வுக்கு ஏற்ப அமைந்த முறை அது. மாற்றிச் சரித்து வரைந்தால், இருபது ஆண்டு மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் கண்ட மாத்திரத்தில் சிரித்துவிடுவார்; குழுவும் அந்தக் கணமே இறந்துவிடும். வெட்டின் ஆழமும் அளவோடு இருத்தல் வேண்டும்: மேலோட்டமாகச் சென்றால் பால் சுரவாது, மிக ஆழ்ந்தால் மரம் காயப்படும், அவ்விடத்தில் புதுப்பட்டை செவ்வையாக வளராது. இசைத்தட்டின் வரிப்பள்ளமும் இத்தகைய நுண்மை உடையதே. இவ்விரு பொருள்களுக்கும் உறவு உவமையளவில் நிற்கவில்லை. பெர்லினர் வெளியிட்ட தொடக்ககால வட்டத் தட்டுகள் கெட்டிரப்பரால் ஆனவை. அரக்குக் கலவைத் தட்டுகள் பின்னரே வந்தன. கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட 1877-ஆம் ஆண்டிலேயே எடிசனும் ஒலியைப் பதித்துக் காட்டினார். இத்தகைய செய்திகளை அறிந்த மாணவன் வரையும் ஒற்றைக் கோடு, அறியாதவன் நிரப்பும் முழு அட்டையைவிட மிகுதியாகப் பேசும்.

குழு தமிழில் மட்டும்தான் பாட வேண்டும் என்பதும் இல்லை. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் முன்னின்ற 'அலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடறிந்தது. மெய்யான குழுவே இவ்வாறு எல்லை கடந்திருக்கப் புனைந்த குழுவுக்கு வேலி எதற்கு?

இனி, இவ்விளையாட்டின் ஆபத்து. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களின் வரலாற்றைக் கூறுகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு, மொத்தம் 9990. பாடிய புலவர் முறையே 4449, 3700, 449. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என நூற்பெயர்களும் அதில் வருகின்றன. நூல்கள் இல்லை, பெயர்கள் உள்ளன. பாடல் இல்லாத இசைத்தட்டு உறைகளைப் போல அவை நிற்கின்றன. அடியார்க்கு நல்லாரும் பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் இறந்துபட்டதாகக் குறிக்கிறார். இவற்றுள் எது மெய்யாகவே இருந்து அழிந்தது, எது மரபு வளர்த்த பெருமை என்று பிரித்தறிய வழியில்லை. ஆண்டுக் கணக்கையும் புலவர் கணக்கையும் ஆராய்ச்சியாளர் வரலாறாக ஏற்பதில்லை. அவ்வெண்களை அப்படியே வரலாறு என்று வகுப்பறையில் சொல்லியதன் விளைவு யாது? எண்களை ஐயுற்றவர் சங்கப் பாடல்களின் மெய்யான பழமையையும் சேர்த்து ஐயுறத் தலைப்பட்டனர். கையில் உள்ள எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும், கையில் இல்லாத முதுநாரைக்காக வழக்காட வேண்டியதாயிற்று.

பேராக் தோட்டங்களின் நிலை இதனை நினைவூட்டுவது. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்நெருக்கடியிலேதான். பின்னர் பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது. செம்பனையும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டது. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. திருவிழாவில் உறுமி கொட்டியோரும் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தோரும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களும் மிகப் பலர். அவருள் இசைத்தட்டில் குரல் பதித்தவர் அரியர். முத்தம்மாள் பழனிசாமியின் 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' போன்ற தொகுப்புகள் ஒரு பகுதியையேனும் காத்தன. இத்தகைய வெற்றிடத்தில் 'ஆறாவது லயம், ஈப்போ, 1962' என்று பொறித்த அழகிய உறையொன்று உலவத் தொடங்கினால் தீங்கு விளையும். முப்பது ஆண்டு கழித்து அதனைக் காண்பவர் தேடிக் களைப்பார். அல்லது தேடாமலே நம்புவார். பின்னொருநாள் அது புனைவு என்று வெளிப்பட்டால், மெய்யான உறுமிக்காரரின் பேரனும் பொய் சொல்பவனாகக் கருதப்படுவான். வளமான ஆவணம் உடைய சமூகத்துக்கு வேடிக்கையாக அமைவது ஆவணம் குன்றிய சமூகத்துக்கு அவ்வாறு அமைவதில்லை. சார்ஜன்ட் பெப்பரை மெய்யென்று எவரும் மயங்கார். பீட்டில்ஸ் குழுவினரைப் பற்றிய நூல்கள் ஒரு நூலகத்தை நிரப்பும்.

ஆகவே இப்பயிற்சியைத் தடுக்க வேண்டுவதில்லை. உறையின் இரு பக்கங்களையும் இரு வேலைக்கு ஒதுக்கினால் போதும். முன்பக்கம் புனைவுக்கு உரியது: குழுவின் பெயர், தலைப்புகள், ஓவியம். அதன் மூலையில் வரைந்த மாணவனின் பெயரும் வரைந்த ஆண்டும் இடம்பெற வேண்டும். பழைய ஆண்டு ஒன்றைத் திருட்டுத்தனமாகப் பொறிக்கலாகாது. பின்பக்கம் கேட்டு எழுதியதற்கு உரியது. வீட்டு முதியோரில் ஒருவரிடம் அமர்ந்து அவர் தோட்டத்தில் கேட்ட பாட்டையோ கண்ட வாத்தியத்தையோ பற்றிக் கேட்டு, சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்நாளில் கேட்டது என்னும் குறிப்புகளோடு அங்கே எழுத வேண்டும். பாட்டிக்கு நினைவில் நிற்பது நான்கு அடியே என்றால் நான்கு அடியே இருக்கட்டும். ஐந்தாம் அடிக்கு உரிய இடத்தை ஆசிரியர் வெறுமையாகவே விடச் சொல்லலாம். முன்பக்கத்தில் கொடிகட்டிப் பறந்த மாணவனுக்கு அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவது கடினமாக இருக்கும்.